மட்டாஞ்சேரியில் ஏழு மாரியம்மாள்

என் கைப்பையில் ஒரு தாள் இருந்தது. அதில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். கொச்சிக்கு நான் அனுப்பப்பட்டது அதற்காகத்தான். சிங்கப்பூரில் என் மேலாளர் அதைக் கொடுத்தபோது, "மாலதி, பத்து நாள் இருக்கிறது. இரண்டு நாளில் வேலையை முடித்துவிட்டு, மிச்ச நாளில் படகு வீட்டில் சுற்றிவிட்டு வா" என்றார். அது 2003, ஜூன் மாதம். ஜூன் மாதத்தில் படகு வீட்டுக்குப் போகச் சொல்பவர் கேரள மழையைப் பார்த்ததில்லை என்பது எனக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் புரிந்தது.

நான் மென்பொருள் சோதிப்பவள். மற்றவர்கள் எழுதிய நிரல் சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மட்டாஞ்சேரியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. அதற்கு வெலிங்டன் தீவில் ஒரு கிளினிக், திருப்பூணித்துறையில் ஒரு கிளினிக். மூன்று இடத்திலும் நோயாளிகளின் பதிவுகள் தனித்தனியாக, மூன்று வெவ்வேறு விதமாகக் கிடந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்த்து, எந்த இடத்தில் போய் நின்றாலும் ஒரே பதிவு திரையில் வரும்படி செய்வதுதான் திட்டம். சேர்க்கும் வேலையைக் களமசேரியில் ஒரு சிறிய கம்பெனி செய்திருந்தது. நான் பார்த்து, சரி என்று கையெழுத்திட வேண்டும். அடுத்த புதன்கிழமை திறப்பு விழா, அழைப்பிதழ் அச்சடித்தாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை எர்ணாகுளத்தில் படகு ஏறினேன். சுக்கான் பிடிப்பவர் ஒரு கயிற்றை இழுக்கிறார்; கீழே எந்திர அறையில் மணி அடிக்கிறது; மணியின் எண்ணிக்கையைக் கேட்டு எந்திரக்காரர் வேகத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில், யாரோ "இறங்கு, இறங்கு" என்று பின்னாலிருந்து தள்ள, இறங்கிவிட்டேன். படகு போன பிறகுதான் பலகையைப் படித்தேன். வெலிங்டன் தீவு. சுற்றிலும் துறைமுகக் கிடங்குகள், லாரிகள், ஆள் இல்லாத அகலச் சாலைகள். அடுத்த படகுக்கு நாற்பது நிமிடம். கையில் சாப்பாட்டுத் தூக்குடன் நின்ற ஒருவர் என்னைக் கேட்டார்: "மட்டாஞ்சேரிக்கா? முதல் தடவை எல்லாரும் இங்கேதான் இறங்குவாங்க." அவர் மலையாளத்தில் சொன்னது அப்படியே புரிந்ததில் எனக்கு ஒரே பெருமை.

மட்டாஞ்சேரிக்கு வாசனைதான் முதலில் வந்தது. சுக்கு, மிளகு, ஈரச் சாக்கு. பஜார் தெருவில் கைவண்டிகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவே ஆட்டோ நுழைந்து நுழைந்து போயிற்று. ஆடுகளுக்கு அந்த ஊரில் யாரும் வழி விடச் சொல்வதில்லை, ஆட்டோதான் நிற்கிறது.

ஆஸ்பத்திரியின் பதிவு அறையில் எனக்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் பிரதீப். பதிவுகளைச் சேர்க்கும் நிரலை எழுதியவர், திருப்பூணித்துறைக்காரர், முப்பது வயதுகூட இருக்காது. இஸ்திரி கலையாத சட்டை. இன்னொருவர் செல்வி, பதிவு அறைப் பொறுப்பாளர். என்னைவிட ஏழெட்டு வயது சிறியவர். அறையைச் சுற்றிலும் கூரை வரை அட்டைகள் அடுக்கியிருக்க, நடுவே அவருடைய மேஜை ஒரு கிணற்றடிபோல் இருந்தது.

"மேடம் தமிழா?" என்றார் செல்வி. "நானும் தமிழ்தான். அப்பன் திருநெல்வேலிப் பக்கம். முனிசிபாலிட்டி வேலைக்கு வந்ததாக்கும். பேசுவேன். எழுத வாசிக்கத்தான் அறியில்ல. மலையாளம்னா ஸ்பீடா வாசிப்பேன். சாயா குடிச்சோ?"

சாயா வந்தது. கூடவே பழம்பொரி. எங்கள் சிங்கப்பூரிலும் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். ஆனால் இந்த நேந்திரம் பழத்தின் பக்கத்தில் அது நிற்காது. இதை என் ஊர்க்காரர்கள் முன்னால் சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை மட்டாஞ்சேரித் துறையில் படகிலிருந்து இறங்கும்போது பாசியில் கால் வைத்தேன். விழுந்த வேகத்தில் இரும்பு வளையம் ஒன்று முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. தூக்கிவிட்ட இரண்டு பெண்களும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள். அதிகாரியாகப் போக வேண்டிய இடத்துக்கு நோயாளியாகப் போனேன்.

ஊசி போடுவதற்கு முன் அட்டை எழுத வேண்டும். செல்வியே எழுதினார்.

"பேரு மாலதி. இனிஷியல்?"

"கே."

"வீட்டுப் பேரா?"

"அப்பா பேர். கதிரேசன்."

"இங்க மலையாளத்துக்காரங்களுக்கு அது வீட்டுப் பேராக்கும். கொங்கணிக்காரங்க, குஜராத்திங்க எல்லாம் பின்னாடி ஒரு பேரு வைப்பாங்க. எங்க ஆளுகளுக்குச் சிலது அப்பன் பேரு, சிலது புருஷன் பேரு, சிலது ஊர்ப் பேரு. என்ன சொல்லுதாங்களோ அத எழுதுவோம்." பேனாவை வைத்துவிட்டு, "உங்க ஊர்ல எப்படி அக்கா?" என்றார். காலில் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்த அந்த நிமிடத்தில் நான் மேடத்திலிருந்து அக்கா ஆகியிருந்தேன்.

எங்கள் ஊரில் பிறந்தவுடன் ஓர் எண் கொடுத்துவிடுவார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வங்கி எல்லாவற்றுக்கும் அந்த எண்தான். பெயர் என்ன என்று கேட்பது மரியாதைக்கு. பதினைந்து வருடம் பதிவுகளைச் சோதித்திருக்கிறேன். பெயரை வைத்து ஓர் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை ஒரு நாள்கூட வந்ததில்லை. செல்விக்கு நான் பதில் சொன்னேன். சொல்லும்போதே ஒரு கேள்வி நெருடியது: எண் இல்லாத இந்த ஊரில் அந்த நிரல் எதை வைத்து ஆளைப் பிரிக்கிறது?

புதன்கிழமை அந்த நெருடலோடு உட்கார்ந்தேன். என் முதல் சோதனை எப்போதும் எளிமையானது: உள்ளே எத்தனை போயிற்று, வெளியே எத்தனை வந்தது. மூன்று இடத்துப் பதிவுகளையும் கூட்டிய தொகைக்கும், சேர்த்த பிறகு இருந்த தொகைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது.

"அது டூப்ளிகேட், மேடம்" என்றார் பிரதீப் பெருமையோடு. "ஒரே ஆள் மூன்று இடத்திலும் போயிருப்பார். பெயர், இனிஷியல், பிறந்த நாள், பகுதி நான்கும் ஒத்துப்போனால் நிரலே ஒன்றாக்கிவிடும். விவரம் முரண்பட்டால், கடைசியாக எழுதியதுதான் நிற்கும்."

"ஒன்றாக்கியவர்கள் எல்லாரும் உண்மையிலேயே ஒரே ஆள்தான் என்று எப்படித் தெரியும்?"

"நான்கும் ஒத்துப்போகிறதே!"

ஒன்றாக்கப்பட்டவர்களின் பட்டியலில் ஒரு பக்கத்தை அச்செடுத்துச் செல்வியிடம் கொடுத்தேன். அவர் விரலை வைத்து வரி வரியாக மலையாளத்தில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நடுவில் விரல் நின்றது. சிரித்தார்.

"அக்கா, இது ரெண்டு ஆளாக்கும்."

"எது?"

"கே. மாரியம்மாள். முனிசிபல் காலனிக்காரங்க, எங்க ஆளுக. ஒருத்தி கருப்பசாமி பொண்டாட்டி. இன்னொருத்தி கோவில்பட்டிக்காரி. எனக்கு ரெண்டு பேரையும் தெரியும்." விரல் கீழே இறங்கியது. "இதும் ரெண்டு ஆளு. இது மூணு பேரு. அய்யோ, இந்த முருகன் செத்துப்போயாச்சு. அந்த முருகன் நேத்துகூட வந்தாரு."

"பிறந்த தேதியுமா ஒன்று?"

"தேதி ஆருக்குத் தெரியும்? வயசு கேப்போம். நாப்பத்தஞ்சு இருக்கும்னு சொல்லுவாங்க. ஜனுவரி ஒண்ணுன்னு போடுவோம். காலனில பாதிப் பேருக்கு ஜனுவரி ஒண்ணுதான் பிறந்தநாள்."

அந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஒன்பது இடங்களில் செல்வியின் விரல் நின்றது. பிரதீப்பின் முகம் சுருங்கியது. நான் அலமாரியிலிருந்து இரண்டு மாரியம்மாள்களின் பழைய அட்டைகளையும் எடுக்கச் சொன்னேன். ஓர் அட்டையின் தலைப்பில், எப்போதோ ஒரு நர்ஸ், சிவப்பு மையில் மலையாளத்தில் எழுதியிருந்தார். செல்வி படித்துச் சொன்னார்: "பென்சிலின் ஆகாது. கொடுக்கவே கூடாது."

கணினியில் இருந்த ஒற்றை மாரியம்மாளுக்கு அந்த வரி இல்லை. மற்ற மாரியம்மாள் போன மாதம் காய்ச்சலுக்கு வந்தபோது 'ஒவ்வாமை ஏதும் இல்லை' என்று பதிவாகியிருந்தது. கடைசியாக எழுதியதுதான் நிற்கும்.

பிரதீப் திரையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

வியாழக்கிழமை செல்வியும் நானும் காலனிக்குப் போனோம். மழையில் ஆட்டோ பாதியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் சைலன்சருக்குள் தண்ணீர் போய்விட்டது என்று கையை விரித்தார். கட்டுப் போட்ட காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தேன். மாரியம்மாள்கள் இருவரும் வேலை முடிந்து வந்திருந்தார்கள். எதிரெதிர் வீடுகள்.

கோவில்பட்டி மாரியம்மாள் அந்த ஊசியைப் பற்றிச் சொன்னார். "போட்டு எடுக்கும் முன்ன உடம்பெல்லாம் தடிச்சிருச்சு தாயி. மூச்சு உள்ள போவல. அந்தப் பெரிய நர்ஸம்மா ஓடி வந்து வேற ஊசி போட்டதால பொழச்சேன். ஒரு வாரம் கெடந்தேன்."

"இப்போ கம்ப்யூட்டர்ல நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆளு" என்றார் செல்வி.

எதிர் வீட்டு மாரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்போ இவ பெத்ததெல்லாம் என் பேர்லயா இருக்கு?"

"இருக்கு. உங்களுக்கு மூணு, இவங்களுக்கு நாலு. கம்ப்யூட்டர்ல ஏழு பிரசவம்."

அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஆளாளுக்குச் சிரிப்பு. கோவில்பட்டிக்காரி மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது என் அட்டைல இருக்கணும் தாயி. நான் மயங்கிக் கெடந்தா ஆரு சொல்லுவா?" என்றார்.

ஹோட்டலுக்குத் திரும்பி மேலாளருக்குப் போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது ஒரு தனிப்பட்ட குறை. பட்டியலில் குறித்துவிட்டு, கையெழுத்துப் போடு. அடுத்த பதிப்பில் சரிசெய்வார்கள்" என்றார்.

"போட மாட்டேன்" என்றேன்.

அவரிடம் அந்த இரண்டு சொற்களை நான் அதுவரை சொன்னதில்லை. அவர், "அப்படியானால் அங்கே இருப்பவர்களை நீயே சமாளி" என்று வைத்துவிட்டார். அன்று கப்பா என்ற மரவள்ளிக்கிழங்கு மசியலும் மீன் கறியும் வாங்கி, மிளகாய்க் காரத்தில் கண்ணில் நீர் வழிய முழுத் தட்டையும் தின்றேன். பயமாக இருந்தது. ஆனால் தட்டைக் காலி செய்யும்போது அது கொஞ்சம் குறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரித் தலைமை மருத்துவரின் அறையில் கூடினோம். எல்லாரும் அவரைப் பெரிய டாக்டர் என்றே சொன்னார்கள். மேஜையில் விழா அழைப்பிதழ்க் கட்டு ஒன்று இருந்தது. பிரதீப் முதலில் பேசினார். மூன்று மாத உழைப்பு, இரண்டு அட்டைகளை வைத்து முழு வேலையையும் குறை சொல்கிறார்கள், விழாவை எப்படித் தள்ளிப் போடுவது என்று குரல் உயர்ந்துகொண்டே போயிற்று.

நான் வேறொரு பட்டியலை எடுத்து வைத்தேன். தவறாக ஒன்றாக்கப்பட்டவர்கள் யார் யார் என்று செல்வி குறித்த பக்கங்கள். "பிரதீப், இதில் நீண்ட வீட்டுப் பெயர் இருக்கிற ஒருவராவது இருக்கிறாரா, பாருங்கள்."

அவர் பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். வீட்டுப் பெயர் உள்ளவர்களை அவருடைய நிரல் ஒரு பிழையும் இல்லாமல் கையாண்டிருந்தது. ஓர் எழுத்து இனிஷியலும், தெரியாத பிறந்தநாளும், எல்லாருக்கும் பொதுவான காலனி முகவரியும் உள்ளவர்களைத்தான் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கியிருந்தது.

"எங்கள் வீட்டுப் பெயர் பதினான்கு எழுத்து, மேடம்" என்றார் பிரதீப். குரல் இறங்கியிருந்தது. "எனக்கு இது தோன்றவே இல்லை."

"எனக்கும்தான். எங்கள் ஊரில் எண் போதும்."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விழாவைத் தள்ளிவைக்க என்னால் முடியாது. ஆனால் தவறான அட்டையைப் பார்த்து நான் ஒரு மாத்திரைகூட எழுத மாட்டேன். செவ்வாய்க்கிழமை மாலைவரை நேரம் தருகிறேன். முடியவில்லை என்றால், மேடையில் ஏறி நானே காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு என்ன வேண்டும்?"

"செல்வி வேண்டும்" என்றேன். "முழு நாளும்."

திட்டத்தை நானும் பிரதீப்பும் அன்று மத்தியானமே போட்டோம். நிரல் தானாக யாரையும் ஒன்றாக்கக் கூடாது. ரேஷன் கார்டு எண், அப்பா பெயர், உண்மையான பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போனால் மட்டுமே ஒன்றாக்கலாம். சந்தேகம் வந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி மனிதரிடம் கேட்க வேண்டும். எந்தப் பதிவில் ஒவ்வாமை எழுதியிருந்தாலும் அதைப் பின்னால் வரும் எதுவும் அழிக்கக் கூடாது.

இதெல்லாம் எழுதுவது எளிது. எழுதியது வேலை செய்கிறது என்று காட்டுவதுதான் என் தொழில். அதற்குச் செல்வி இருநூறு ஜோடி அட்டைகளை எடுத்தார். ஒவ்வொரு ஜோடிக்கும் 'ஒரு ஆள்' அல்லது 'ரெண்டு ஆள்' என்று முதலிலேயே விடை எழுதினார். ஏழு மாரியம்மாள்கள், ஐந்து முருகன்கள், இரட்டைப் பிறவிகளான இரண்டு பீவிகள், கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். பிரதீப் அந்த இருநூறையும் கணினிக்குள் ஏற்றி, ஒரு கட்டளை கொடுத்தால் அத்தனையையும் முதலிலிருந்து சரிபார்த்து, தவறியதைச் சிவப்பில் காட்டும்படி செய்தார். நிரலில் ஒரு வரியை மாற்றினாலும் இருநூறும் மறுபடி ஓட வேண்டும். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்தால் அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

சனிக்கிழமை முதல் ஓட்டம். திரை முழுக்கச் சிவப்பு.

"கம்ப்யூட்டருக்கு மாதவிடாய் வந்துருச்சா சாரே?" என்றார் செல்வி. பிரதீப்புக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நான் சிரித்ததில் கால் கட்டு வலித்தது.

ஞாயிறு முழுக்கப் பிரதீப்பும் செல்வியும் திருத்திக்கொண்டும் ஓட்டிக்கொண்டும் இருந்தார்கள். சிவப்பு பாதியானது. ஒரு முறை எல்லா மாரியம்மாள்களும் சரியாகி, எல்லா முருகன்களும் தவறினார்கள். பக்கத்து ஹோட்டலிலிருந்து வந்த மத்தியானச் சாப்பாட்டோடு ரோஜா நிறத்தில் வெந்நீர் வைத்தார்கள். குழாய்த் துரு என்று நினைத்துத் தொடாமல் இருந்தேன். அது பதிமுகம் என்ற மரத்தின் பட்டை போட்டுக் கொதிக்கவைத்தது என்று பிரதீப் சொன்ன பிறகு மூன்று தம்ளர் குடித்தேன்.

திங்கட்கிழமை ஹர்த்தால். காரணத்தை ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். பஸ் இல்லை, படகு இல்லை, ஆட்டோ இல்லை, கடை இல்லை. ஒரு நகரம் முழுக்க ஒரு நாள் கதவைச் சாத்திக்கொள்ளும் என்பதை என் ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஹோட்டல் வாசலில் நின்று, போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ஆம்புலன்ஸ் ஒன்று வந்து நின்றது. முன்னிருக்கையில் பிரதீப்.

"பெரிய டாக்டர் அனுப்பினார். பின்னால் ஏறிப் படுத்துக்கொள்ளுங்கள், மேடம். யாராவது நிறுத்தினால் காலைக் காட்டுங்கள்."

தோப்பும்படிப் பாலத்தின் பக்கம் கொடியோடு நின்ற நால்வர் நிறுத்தினார்கள். ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நான் கட்டுப் போட்ட காலை நீட்டினேன். முகத்தில் வலியைக் கொண்டுவர ரொம்பச் சிரமப்படவில்லை. "பாவம், போகட்டும்" என்றார் அவர். பாலத்தைத் தாண்டியதும் பிரதீப் சிரிக்க ஆரம்பித்தவர் மட்டாஞ்சேரி வரும்வரை நிறுத்தவில்லை. முதல் நாள் பார்த்த இஸ்திரிச் சட்டைக்காரர் அவர்தானா என்று இருந்தது.

செவ்வாய் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரே ஒரு சிவப்பு வரி மிச்சம் இருந்தது. த்ரேஸ்யா என்று ஒருவர். செல்வி 'ரெண்டு ஆள்' என்று விடை எழுதியிருந்தார். நிரல் ஒன்றுதான் என்று சாதித்தது. பிரதீப் நிரலை மூன்று முறை தேடிப் பார்த்தார். தவறு அகப்படவில்லை. பெரிய டாக்டர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

செல்வி எழுந்து போய் இரண்டு அட்டைகளையும் ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று தீவு கிளினிக் அட்டை, ஒன்று இங்கே எழுதியது. திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"ரெண்டுலயும் இடது கைல தீக்காயத் தழும்புன்னு எழுதியிருக்கு. அப்பன் பேரு, தேதி, ரேஷன் கார்டு எல்லாம் ஒண்ணு; நான் வீட்டுப் பேர மட்டும் பாத்துட்டேன். ஒரே ஆளாக்கும்! கல்யாணம் ஆனப்போ வீட்டுப் பேரு மாறியிருக்கு. தோத்தது மெஷீன் இல்ல அக்கா, நானாக்கும்."

விடையைத் திருத்தினார். பிரதீப் கட்டளையைத் தட்டினார். வரிகள் மேலிருந்து கீழே ஓடின. பச்சை, பச்சை, பச்சை. இருநூறும் பச்சை. பிரதீப் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். செல்வி கதவைத் திறந்து வராந்தாவைப் பார்த்து, "பாஸாயி!" என்று கத்தினார். மருந்து கட்டும் அறையிலிருந்த நர்ஸ்கள், யாருக்கோ பரீட்சை முடிவு வந்திருக்கிறது என்று நினைத்துக் கை தட்டினார்கள். நான் தாளை எடுத்துக் கையெழுத்திட்டேன். அவ்வளவு அழுத்தமாக அதற்கு முன்னால் கையெழுத்திட்டதாக நினைவில்லை.

விழா எல்லா விழாக்களையும் போலத்தான் நடந்தது. விருந்தினர் தாமதமாக வந்தார், குத்துவிளக்கு காற்றில் அணைந்தது, ஒலிபெருக்கி அலறியது. பெரிய டாக்டர் பேசும்போது பிரதீப்பையும் என்னையும் மேடைக்கு அழைத்தார். பிறகு, "இந்த ஆஸ்பத்திரியில் ஆட்களை அறிந்தவர் ஒருவர் இருக்கிறார்" என்று சொல்லிச் செல்வியையும் அழைத்தார். முனிசிபல் காலனிக்காரர்கள் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து வந்த சத்தத்துக்கு முன்னால் ஒலிபெருக்கி தோற்றது.

ஆனால் ஒரு சோதனையாளருக்கு விழா முக்கியமில்லை. எங்கள் இருநூறு ஜோடியும் எங்களுக்குத் தெரிந்தவர்கள். தெரிந்த கேள்விக்குச் சரியான விடை வந்துவிட்டது. நாங்கள் யாரும் நினைத்தே பார்க்காத ஓர் ஆள் வந்து நிற்கும்போது என்ன ஆகும் என்பதுதான் எனக்கு வேண்டும். வியாழக்கிழமை, என் கடைசி நாளில், அந்த ஆள் வந்தார்.

பதினொரு மணி இருக்கும். பதிவு அறையில் போன் அடித்தது. வெலிங்டன் தீவு கிளினிக்கின் இளம் டாக்டர். செல்வி ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார்.

"பேச்சிமுத்து என்று ஒருவர். சரக்கு இறக்கும்போது காலில் தகடு வெட்டியிருக்கிறது. இங்கே இதுவரை வந்ததே இல்லை. பெயரைப் போட்டால் இரண்டு பேச்சிமுத்துவைக் காட்டி எது என்று கேட்கிறது. அம்மா பெயர் கேட்டு, இரண்டாவதைத் தொட்டேன். திரை மேலே சிவப்புக் கட்டம் வருகிறது. பென்சிலின் ஆகாது என்கிறது. நான் அந்த வகை மாத்திரையைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். அவரைக் கேட்டால், அப்படி எதுவும் எனக்கு இல்லையே என்கிறார். இந்தக் கணினி சொல்வதை நம்பலாமா?"

பேச்சிமுத்து எங்கள் இருநூறில் இல்லை. பிரதீப் என்னைப் பார்த்தார். செல்வி அதற்குள் ஏணியில் ஏறியிருந்தார். மேல் அடுக்கிலிருந்து ஓர் அட்டையை உருவி, தூசியை ஊதிவிட்டு, ஏணியிலேயே நின்றபடி படித்தார். பழுப்பேறிய அட்டை, மங்கிய சிவப்பு மை.

"டாக்டரே, சரியாக்கும். கொடுக்கக் கூடாது. அவருக்கு எட்டு வயசுல இங்க வந்து ரெண்டு நாள் கெடந்திருக்காரு. அம்மை போட்டு வந்த புண்ணுக்கு ஊசி போட்டு, மூச்சுத் திணறியிருக்கு."

மறுமுனையில் காகிதம் கிழிபடும் சத்தம் கேட்டது. பிறகு டாக்டரின் குரலுக்குப் பின்னால் ஒரு கனத்த குரல் தமிழில் கேட்டது: "போனைக் கொடுங்க சாரே." கொடுத்திருக்க வேண்டும். "ஆரு பேசுறது? எனக்கே ஓர்மையில்ல. அம்மா இருந்தவரைக்கும் அவங்கதான் டாக்டர்ட்ட சொல்லுவாங்க. அவங்க போயி நாலு வருஷமாச்சு. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

செல்வி ஏணியிலிருந்து இறங்கவே இல்லை. அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போன் பக்கம் குனிந்து சொன்னார்:

"அண்ணே, உங்க பேர்ல இந்த ஊர்ல இன்னொருத்தர் இருக்காரு. நீங்க வேற, அவரு வேற. அது இப்போ எங்களுக்குத் தெரியும்."